நடு ஆண்டில் கணக்கு மென்பொருளை மாற்றினால் சம்பள வரிப் பிடித்தம் ஏன் தவறுகிறது?

வேலூர் லாங்கு பஜாரில் பற்று நோட்டு வைத்திருக்கும் கடைக்காரர், ஒரு நோட்டு தீர்ந்து புது நோட்டுப் போடும்போது, ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்குக் கீழும் முதல் வரியாக ‘முன்பாக்கி’ என்று எழுதி, பழைய நோட்டில் நின்ற தொகையைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அன்றைய சரக்கை எழுதத் தொடங்குவார். அந்த ஒரு வரியை எழுத மறந்தால், புது நோட்டில் வரும் ஒவ்வொரு கூட்டலும் சரியாக இருக்கும். வாடிக்கையாளரின் பாக்கி மட்டும் தவறாக இருக்கும். கணக்கு மென்பொருளை ஆண்டின் நடுவில் மாற்றும் நிறுவனங்களில் ஊழியர்களின் வருமான வரிப் பிடித்தம் தவறிப்போவதற்குப் பெரும்பாலும் இதே முன்பாக்கிதான் காரணம்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கைப் பார்த்துவருகிறேன். 2025 அக்டோபர் 1ஆம் தேதி எங்கள் நிறுவனம் பழைய மென்பொருளிலிருந்து புதிய ஒன்றுக்கு மாறியது. அந்த மாற்றத்தில் நேர்ந்த பிழையையும், அதைச் சரிசெய்தபோது புரிந்துகொண்டவற்றையும் வைத்து, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு விளங்கும்படி எழுத முயல்கிறேன். இங்கே வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் வரி விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. அதாவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி அமைந்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சம்பளப் பிடித்தம் பற்றிய 192ஆம் பிரிவு அதில் 392ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதே தவிர, பிடித்தத்தைக் கணக்கிடும் அடிப்படை மாறவில்லை.

முதலில் அந்த அடிப்படையைப் பார்ப்போம். பணம் கொடுப்பவரே கொடுக்கும்போது பிடித்து அரசுக்குக் கட்டும் வரியை நாம் டிடிஎஸ் என்று சொல்கிறோம். வாடகைக்கோ ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகைக்கோ டிடிஎஸ் பிடிக்கும்போது, கொடுக்கும் தொகையில் சட்டம் சொல்லும் சதவீதத்தைக் கழித்தால் போதும். சம்பளத்துக்கு அப்படி ஒரு நிலையான சதவீதம் கிடையாது. அந்த ஊழியர் ஏப்ரல் முதல் மார்ச் வரை மொத்தம் எவ்வளவு சம்பளம் வாங்குவார் என்று மதிப்பிட்டு, அதற்கு ஆண்டு வரி எவ்வளவு என்று கண்டு, அந்த வரியைச் சராசரியாக்கி மாதந்தோறும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் கணக்கு புதிதாகப் போடப்படுகிறது: ஆண்டு முழுவதற்கும் உரிய வரியிலிருந்து இதுவரை பிடித்த வரியைக் கழித்து, மிச்சத்தை மீதமுள்ள மாதங்களால் வகுத்தால் இந்த மாதத்துப் பிடித்தம் கிடைக்கும். எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் உள்ளே நடப்பது இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இதே எண்களுக்குத் திரும்பி வருவேன். ஒருவருக்கு மாதச் சம்பளம் 1,25,000 ரூபாய். புதிய வரி முறையில் (விகிதங்கள் குறைவு, பெரும்பாலான கழிவுகள் கிடையாது) இருக்கிறார். ஆண்டுச் சம்பளம் 15,00,000. நிலையான கழிவு 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம் என்றால் 20,000. 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம் என்றால் 40,000. அதற்கு மேலுள்ள 2,25,000க்கு 15 சதவீதம் என்றால் 33,750. கூட்டினால் 93,750. அதன்மேல் 4 சதவீதம் செஸ் (வரியின் மேல் சேரும் கூடுதல் வரி) 3,750. ஆக ஆண்டு வரி 97,500 ரூபாய். பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 8,125 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் ஒழுங்காகப் பிடித்திருந்தால் செப்டம்பர் முடிவில் 48,750 பிடித்திருப்போம். மீதி 48,750 அடுத்த ஆறு மாதங்களில் பிடிக்க வேண்டியது.

சம்பளச் சீட்டில் டிடிஎஸ் தவிர வேறு பிடித்தங்களும் உண்டு. அவை மென்பொருள் மாற்றத்தால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை என்பதைக் கவனித்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். வருங்கால வைப்பு நிதிக்கு அந்தந்த மாத ஊதியத்தில் 12 சதவீதம். போன மாதம் என்ன நடந்தது என்பதை அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குக் கொஞ்சம் பழைய நினைவு வேண்டும்: மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்றுள்ள பங்களிப்புக் காலம் முடியும்வரை அந்த ஊழியருக்கு ஈஎஸ்ஐ பிடித்தாக வேண்டும். ஆகவே ஜூலையில் மென்பொருளை மாற்றினால், ஜூனில் சம்பள உயர்வு பெற்று 21,000ஐத் தாண்டியவரைப் புது மென்பொருள் ஈஎஸ்ஐயிலிருந்து நீக்கிவிடக்கூடும். தொழில் வரியைத் தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. அரையாண்டு வருமானம் அதற்கு அடிப்படை. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு. புது மென்பொருளில் நிறுவனத்தின் மாநிலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், கர்நாடகத்தைப் போல மாதந்தோறும் தொழில் வரி பிடிக்கத் தொடங்கிவிடும். அதை ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். வருமான வரிப் பிடித்தத்துக்கோ ஏப்ரல் முதல் இன்றுவரை நடந்த அனைத்தும் நினைவில் இருந்தாக வேண்டும். அந்த நினைவு பழைய மென்பொருளில் இருக்கிறது; புதியதற்கு அதை நாம் எடுத்துக் கொடுக்காமல் தெரியாது.

கொடுக்க வேண்டியவை இரண்டு: ஒவ்வோர் ஊழியருக்கும் இதுவரை கொடுத்த சம்பளம், இதுவரை பிடித்த வரி. இரண்டையும் சரியாகக் கொடுத்தால் அக்டோபரில் 97,500லிருந்து 48,750ஐக் கழித்து ஆறால் வகுத்து 8,125 என்று பழையபடியே பிடிக்கும். சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வரியைக் கொடுக்க மறந்தால், 97,500 முழுவதையும் ஆறு மாதங்களுக்குள் பிடித்துவிட வேண்டும் என்று எண்ணி மாதம் 16,250 பிடிக்கும். சரியாக இரண்டு மடங்கு. இரண்டையுமே கொடுக்காவிட்டால், அந்த ஊழியர் அக்டோபரில்தான் வேலைக்குச் சேர்ந்தார் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்: ஆறு மாதச் சம்பளம் 7,50,000, நிலையான கழிவு போக 6,75,000. புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் கீழ் வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், பிடித்தமும் பூஜ்யம். வரியை மட்டும் கொடுத்துச் சம்பளத்தை விட்டுவிடுவது அபூர்வம்; அப்படி நேர்ந்தால் வரியே இல்லாதவரிடம் 48,750 பிடித்துவிட்டதாகக் கருதி, பிடித்தக் கட்டத்தில் மைனஸ் குறி காட்டும்.

எங்கள் தொழிற்சாலையில் நடந்தது, சம்பளம் ஏறி வரி மட்டும் விடுபட்ட வகை. பழைய மென்பொருளிலிருந்து ஆறு மாத விவரங்களை எக்செல் கோப்பாக இறக்கி, புதிய மென்பொருளின் படிவத்தில் ஏற்றினோம். சம்பளத் தலைப்புகள் எல்லாம் பொருந்தின. பழைய கோப்பில் ‘வருமான வரி’ என்றிருந்த பத்தி, புதிய படிவத்தில் ‘முந்தைய டிடிஎஸ்’ என்ற தலைப்போடு பொருந்தாததால், அந்தப் பத்தி மட்டும் ஏறாமல் நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை; ‘பதிவேற்றம் வெற்றி’ என்றே திரையில் வந்தது.

சோதனை செய்யாமல் விடவும் இல்லை. அக்டோபர் சம்பளத்தைப் பழைய மென்பொருளிலும் புதியதிலும் ஓட்டி, மொத்தத் தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். நானூறு பேருக்கு மேல் உள்ள பட்டியல் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் எதை எடுத்தாலும், தையல், கட்டிங், பேக்கிங் பிரிவுகளில் வேலை செய்யும் பெரும்பாலோரின் ஆண்டு ஊதியம் வருமான வரி வரம்பின் அருகில்கூட வருவதில்லை. அவர்களுக்கு வைப்பு நிதியும் ஈஎஸ்ஐயும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தின. தொடர்ந்து பத்துப் பதினைந்து பேரைப் பார்த்து எல்லாம் சரியாக இருந்ததும் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வரி கட்டுகிற சில மேலாளர்களின் பெயர்கள் பட்டியலின் கடைசியில் இருந்தன. மொத்தத்தில் வந்த வித்தியாசத்தைத் தீபாவளியை ஒட்டிய மிகைநேர ஊதியம் என்று எடுத்துக்கொண்டோம். சம்பள மென்பொருளைச் சோதிக்கும்போது எத்தனை பேருக்குப் பொருந்தியது என்று எண்ணிப் பயனில்லை. வரி கட்டுகிறவர்கள் அத்தனை பேரையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

நவம்பர் முதல் வாரத்தில் உற்பத்தி மேலாளர் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். “தம்பி, இன்னா கணக்கு இது? போன மாசம் எட்டாயிரத்துச் சொச்சம் பிடிச்சீங்க, இந்த மாசம் பதினாறாயிரம் பிடிச்சிருக்கீங்க. பாப்பாவுக்கு காலேஜ் பீஸ் கட்டணும்னு வெச்சிருந்தேன்” என்றார். நான் திரையைப் பார்த்தேன், 16,250 என்றிருந்தது. பழைய மென்பொருளைத் திறந்து செப்டம்பர்ச் சீட்டைப் பார்த்தேன், 8,125. ஒரு தொகை மற்றதன் சரியான இரண்டு மடங்கு என்றதும் காரணம் விளங்கிவிட்டது. “அண்ணா, தப்பு எங்களோடதுதான். மீதி மாசங்கள்ல கழிச்சிக் கொடுத்திடறேன்” என்று சொல்லி, தாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இப்படிக் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்ப வழி இருக்கிறது. 192ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, ஒரு நிதியாண்டுக்குள் கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்ததை அதே ஆண்டின் பிந்தைய மாதங்களில் ஏற்றியோ இறக்கியோ பிடித்துச் சமன் செய்துகொள்ள இடம் தருகிறது. ‘அதே ஆண்டு’ என்பது முக்கியமான சொல். அக்டோபர் முடிவில் அவரிடம் பிடித்திருந்தது 48,750டன் 16,250 சேர்ந்து 65,000. ஆண்டு வரியில் மீதி 32,500, மாதங்கள் ஐந்து. நவம்பரிலிருந்து மாதம் 6,500 பிடித்தால் மார்ச்சில் கணக்கு நேராகிவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் மார்ச் 31ஐத் தாண்டியிருந்தால், நிறுவனத்தால் எதையும் சரிக்கட்ட முடியாது. கூடுதல் தொகைக்காக அந்த ஊழியர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, துறையிடமிருந்து ரீபண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கூடுதலாகப் பிடித்தால் ஊழியர் வந்து கேட்பார். அது நிறுவனத்துக்கு நல்லது. உண்மையில் நான் அஞ்சுவது பூஜ்யப் பிடித்தத்துக்குத்தான். இரண்டு தொகைகளையும் ஏற்றாமல் விட்டு, அக்டோபர் முதல் வரி பிடிக்காமலே சம்பளம் போனால், கையில் எட்டாயிரம் கூடுதலாக வந்த ஊழியர் சட்டம் மாறிவிட்டது போலும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவார். அதை ஜனவரிச் சம்பளத்துக்கு முன்பு கண்டால், மீதி 48,750ஐ மூன்று மாதங்களில் மாதம் 16,250 வீதம் பிடிக்க வேண்டிவரும். மார்ச்சில் கண்டால், 1,25,000 சம்பளத்தில் 48,750ஐ ஒரே மாதத்தில் பிடிக்க வேண்டும். வீட்டுக் கடன் தவணையும் சீட்டுப் பணமும் கட்டுகிற குடும்பத்துக்கு அது எப்படிப்பட்ட மாதமாக இருக்கும் என்பதைச் சம்பளம் போடுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முடிந்த பிறகும் பிடிக்காமல் விட்டாலோ, பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுகிறது: 201ஆம் பிரிவின்படி, பிடிக்க வேண்டிய நாளிலிருந்து பிடிக்காத வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி, பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்திருந்தால் மாதம் 1.5 சதவீதம். மாதத்தில் ஒரு பகுதி சென்றிருந்தாலும் முழு மாதமாகவே எண்ணப்படும்.

முன்பாக்கியைச் சரியாக ஏற்றிய பிறகும் பிடித்தம் தவறுவதற்கு வேறு வழிகள் உண்டு. அவற்றில் நம் ஊரில் அடிக்கடி நேரக்கூடியது, தீபாவளியை ஒட்டிக் கொடுக்கும் தொகை. அந்த மேலாளருக்கு அக்டோபரில் 1,00,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. புது மென்பொருளில் அந்தத் தலைப்பை உருவாக்கும்போது ‘ஒரு முறை மட்டும்’ என்று குறிக்காமல் ‘மாதந்தோறும்’ என்று விட்டுவிட்டால், மென்பொருள் மார்ச் வரை ஆறு மாதமும் அவருக்கு ஒரு லட்சம் வரும் என்று மதிப்பிடும். உண்மையான ஆண்டு வருமானம் 16,00,000, வரி 1,13,100, அக்டோபர் முதல் பிடிக்க வேண்டியது மாதம் 10,725. மென்பொருளோ ஆண்டு வருமானத்தை 21,00,000 என்று கண்டு, வரியை 2,14,500 ஆக்கி, 27,625 ரூபாயைப் பிடித்துவிடும். அடுத்த மாதம் ஊக்கத்தொகை வராதபோது மதிப்பீடு தானே இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பண்டிகைக்கென்று கொடுத்த தொகையில் கணிசமான பங்கு வரியாகப் போய்விட்டது என்ற மனக்குறை ஊழியருக்கு அவ்வளவு எளிதில் போகாது.

அடுத்தது வரி முறை. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பு முறை. ஊழியர் பழைய முறை வேண்டும் என்று தெரிவித்தால் மட்டுமே நிறுவனம் அதன்படி பிடிக்க வேண்டும். ஏப்ரலில் ஊழியர்கள் எழுதிக்கொடுத்த அந்தத் தெரிவு பழைய மென்பொருளில் பதிவாகியிருக்கும். புதியதில் ஊழியர் பட்டியலை ஏற்றும்போது, அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அனைவரும் புதிய முறைக்குப் போய்விடுவார்கள். காட்பாடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்டவர், சத்துவாச்சாரியில் வீடு கட்டி அதில் குடியிருந்துகொண்டு கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு கேட்டவர், ஆயுள் காப்பீடும் வைப்பு நிதியும் சேர்த்து 80சி பிரிவில் 1.5 லட்சம் காட்டியவர் ஆகியோருக்கு, புதிய முறையில் அந்தக் கழிவுகள் கிடையாது. கழிவு கேட்பதற்கான 12பிபி படிவத்தில் அவர்கள் எழுதிக்கொடுத்தவை கோப்பில் பத்திரமாக இருக்கும். மென்பொருள் அவற்றைப் படிக்காமலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். இத்தகையோர் சிலரே என்பதால், பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் முறையைத் திரையில் பார்த்து டிக் செய்வதே நல்லது.

ஆண்டின் நடுவில் வேறு நிறுவனத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களையும் மறந்துவிடக்கூடாது. ஜூலையில் சேர்ந்த ஒருவர், முந்தைய இடத்தில் வாங்கிய மூன்று மாதச் சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் 12பி படிவத்தில் தெரிவித்திருப்பார். அது நம் நிறுவனம் கொடுத்த சம்பளம் அல்லாததால், பழைய மென்பொருளின் சம்பள அறிக்கையில் வராது. தனி இடத்தில் இருக்கும். நாம் இறக்கும் எக்செல் கோப்பில் அது இல்லாமலே போய்விடும். பான் எண்ணிலும் கவனம் வேண்டும். ஓர் எழுத்து தவறி ஏறினாலோ கட்டம் காலியாக இருந்தாலோ, 206ஏஏ பிரிவின்படி குறைந்தது 20 சதவீதம் என்ற விகிதத்தை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தவறான எண்ணில் கட்டிய வரி, அவர் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியவும் செய்யாது.

இதுவரை சொன்னது சம்பளச் சீட்டின் பக்கம். லெட்ஜரின் (பேரேட்டின்) பக்கமும் ஒன்று இருக்கிறது. புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். செப்டம்பர்ச் சம்பளத்தில் பிடித்த வரியை அக்டோபர் 7க்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். செப்டம்பர் 30 ட்ரையல் பேலன்ஸை (எல்லா லெட்ஜர்களின் இருப்புப் பட்டியலை) அப்படியே புது மென்பொருளில் ஓப்பனிங் பேலன்ஸாக (தொடக்க இருப்பாக) ஏற்றும்போது, ‘செலுத்த வேண்டிய சம்பள டிடிஎஸ்’ என்ற லெட்ஜரில் செப்டம்பர் மாதத் தொகை மட்டும் நிற்கும், அது சரி. ஆனால் சம்பளப் பகுதியில் ஊழியர்வாரியாக ஆறு மாதப் பிடித்தத்தை ஏற்றும்போது, சில மென்பொருள்களில் அந்தத் தொகையும் லெட்ஜருக்குப் போய் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே சலான் கட்டி முடித்த ஐந்து மாத வரியும் கட்ட வேண்டியதாகத் திரையில் தெரியும். அதை நம்பி மீண்டும் கட்டிவிட்டால் பணம் அரசிடம் போய் முடங்கும். ஊழியர்வாரி முன்தொகையை ஏற்றும்போது, அது கணக்குப் புத்தகத்தைத் தொடாமல் வரிக் கணிப்புக்கு மட்டும் பயன்படும்படி அமைப்பில் குறித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அக்டோபர் 7க்குள் செப்டம்பர்ச் சலானைக் கட்டிப் பதிந்த அன்று, அந்த லெட்ஜர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றே காரணத்தைத் தேட வேண்டும். மாதம் கடந்தால் அடுத்த பிடித்தமும் அதனுடன் கலந்துவிடும்.

காலாண்டு அறிக்கையும் இதனோடு பிணைந்தது. சம்பள டிடிஎஸ்ஸுக்கு 24க்யூ படிவம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு ஜூலை 31, ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கு அக்டோபர் 31, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு ஜனவரி 31, கடைசிக் காலாண்டுக்கு மே 31 என்று கெடு. அக்டோபர் 1ஆம் தேதி மாறுகிறவர்களுக்கு, இரண்டாம் காலாண்டு அறிக்கையின் கெடு மாற்றத்துக்குப் பிறகு வருகிறது. அதற்குரிய தரவோ பழைய மென்பொருளில் இருக்கிறது. செப்டம்பரோடு உரிமம் முடிகிறது என்று பழையதை அணைத்துவிட்டால், அறிக்கையை எதிலிருந்து தயாரிப்பது? தாமதமானால் 234ஈ பிரிவின்படி நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அது அந்த அறிக்கைக்குரிய வரித் தொகை அளவுக்குக்கூட ஏறலாம். பழைய மென்பொருளைக் குறைந்தது அடுத்த ஜூன் வரை திறந்து பார்க்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று முதலாளியிடம் வற்புறுத்துவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

நான்காம் காலாண்டு 24க்யூவில் இணைப்பு 2 என்று ஒரு பகுதி வரும். மற்றக் காலாண்டுகளில் இல்லாத அது, ஒவ்வோர் ஊழியரின் ஆண்டு முழுச் சம்பளம், கழிவுகள், மொத்த வரி, பிடித்த வரி ஆகியவற்றைக் கேட்கும். முன்தொகையைச் சம்பளத் தலைப்புவாரியாக ஏற்றாமல், ‘இதுவரை மொத்தம் 7,50,000’ என்று ஒரே வரியில் ஏற்றியிருந்தால், மாதப் பிடித்தம் சரியாகவே வந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் இணைப்பு 2ஐத் தயாரிக்கும்போதுதான், அடிப்படைச் சம்பளமும் வீட்டு வாடகைப் படியும் ஆறு மாதத்துக்கு மட்டுமே காட்டப்படுவது தெரியும். ஜூன் 15க்குள் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய வரிப் பிடித்தச் சான்றான 16ஆம் படிவம் இதையொட்டியே அமைகிறது. வருமான வரித் துறையின் ட்ரேசஸ் தளத்திலிருந்து இறங்கும் அதன் முதல் பகுதியில் பன்னிரண்டு மாத வரியும், இரண்டாம் பகுதியில் ஆறு மாதச் சம்பளமும் இருந்தால், அதை வைத்து ஊழியர் எப்படிக் கணக்குத் தாக்கல் செய்வார்? அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்ய வழி உண்டு என்றாலும், அந்த வேலைக்கு ஆகும் நேரத்தைவிடத் தொடக்கத்திலேயே தலைப்புவாரியாக ஏற்றுவதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு.

ஏப்ரல் 1ஆம் தேதி மாறினால் இந்த முன்பாக்கிச் சிக்கலில் பெரும்பகுதி எழாது. அன்று ஒவ்வோர் ஊழியரின் வரிக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கொண்டுவர வேண்டியது மார்ச் மாதப் பிடித்தத்தின் பாக்கி மட்டும். அதையும் ஏப்ரல் 30க்குள் செலுத்திவிடலாம். மென்பொருள் விற்பவர் தள்ளுபடி முடிகிறது என்று அவசரப்படுத்தினாலும், சம்பளப் பகுதியை மட்டுமாவது ஏப்ரல் வரை பழையதில் ஓட்டுவது நல்லது என்பது என் கருத்து. அதற்கு வழியே இல்லையென்றால், அரையாண்டு முடிந்ததும் வரும் அக்டோபர் 1 அடுத்த நல்ல நாள். ஈஎஸ்ஐ பங்களிப்புக் காலமும் தொழில் வரியின் அரையாண்டும் அன்று புதிதாகத் தொடங்குவதால் ஒரு சுமை குறையும்.

எந்த நாளில் மாறினாலும், முதல் மாதச் சம்பளம் வங்கிக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் விடக்கூடாது. வரி கட்டும் ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு தாளில் ஆண்டுச் சம்பளம், ஆண்டு வரி, இதுவரை பிடித்தது, மீதி, மீதி மாதங்கள் என்று ஐந்து எண்களை எழுதி, கால்குலேட்டரில் வகுத்து, திரையில் தெரியும் பிடித்தத்தோடு ஒப்பிட வேண்டும். மென்பொருளில் உள்ள ‘இதுவரை பிடித்தது’ என்ற எண்களின் மொத்தம், அதுவரை கட்டிய சம்பள டிடிஎஸ் சலான்களின் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். மாற்ற நாளில் இன்னும் கட்டாத ஒரு மாதத் தொகையை அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். சலான்களில் வட்டியோ தாமதக் கட்டணமோ சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறவர்களுக்கு இன்னொரு நுட்பம் உண்டு. கழிவு போக வருமானம் 12,10,000 என்றால் சாதாரணக் கணக்கில் வரி 61,500 வரும்; ஆனால் வரம்பைத் தாண்டிய 10,000க்கு மேல் வரி போகக்கூடாது என்ற சலுகை இருப்பதால், 10,000மும் செஸ் 400மும் மட்டுமே பிடிக்க வேண்டும். புது மென்பொருள் இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க, அந்த அளவில் உள்ள ஓர் ஊழியரின் கணக்கே போதும்.

எங்கள் மேலாளருக்கு நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் 6,500 பிடித்தோம். ஜூனில் அவருக்கு 16ஆம் படிவத்தைக் கொடுத்தபோது, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன்னிடமிருந்த பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்து, என் கால்குலேட்டரை வாங்கி ஒவ்வொன்றாகக் கூட்டினார். 97,500 வந்தது, படிவத்திலும் அதே எண் இருந்தது.